வெந்நீர் பிளாஸ்க்கும் ஆறு சுற்றும்

பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் எங்கள் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "உள்ளே என்ன?" என்று கேட்டார். சைக்கிள் என்றேன். "பெல்ஜியத்துக்கா சைக்கிள் கொண்டு வருகிறீர்கள்?" என்று சிரித்தார். தூத்துக்குடிக்கு எவனாவது உப்பு மூட்டையோடு வந்து இறங்கினால் நானும் அப்படித்தான் சிரிப்பேன். ஆகவே கோபப்படவில்லை. "பந்தய சைக்கிள். ஓட்டுகிறவள் இவள்" என்று பக்கத்தில் நின்ற என் தங்கை ஜெபாவைக் காட்டினேன். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஐந்தடிக்கு ஒரு விரற்கடை கூடுதல், ஒட்ட வெட்டிய முடி, தூக்கமில்லாத கண்கள். "வாழ்த்துகள்" என்றார், இழவு வீட்டில் சொல்கிற குரலில்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பெயர் சாமுவேல். தூத்துக்குடியில் சைக்கிள் கடை. உப்பளத்து வேலைக்குப் போகிறவர்களின் சைக்கிளில் ஆரம்பித்து, தொப்பை குறைய வேண்டும் என்று விடியற்காலையில் துறைமுகச் சாலையில் மிதிக்கிற வக்கீல்களின் லட்ச ரூபாய் சைக்கிள் வரை எல்லாம் என் கைக்குத்தான் வரும். கியரில் கோளாறு என்றால் சாமுவேல் அண்ணாச்சியைப் பார் என்பார்கள். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முடிவதற்குள் அது கொஞ்சம் வடிந்துவிடும்.

ஜெபா நாசரேத்தில் பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர். பதினாறு வயதில், நான் கழித்துப் போட்ட ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு தேரிக்காட்டுக்குள் போனவள். தேரி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: திருச்செந்தூர்ப் பக்கம் சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கும், நடந்தாலே கால் புதையும். அதில் சைக்கிள் ஓட்ட முடியாது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அவள் ஓட்டினாள். அங்கிருந்து மாநில அளவில் மலை சைக்கிள் போட்டி, பிறகு தேசியப் போட்டி. ஒரு தடவை வடக்கே மலை இறக்கத்தில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்து, கட்டுப் போட்ட கையோடு ரயிலில் வந்து இறங்கினாள். அம்மா "இனி அந்தச் சவத்த தொடாத ஏளா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கட்டுப் பிரித்த மறுநாள் ஜெபாவைக் காணோம். தேரியில் இருந்தாள். பதக்கங்கள் பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன. அதைத் திறந்து காட்டுகிற வேலை எனக்கு மட்டும்தான் பிடிக்கும்.

அப்புறம்தான் சைக்ளோகிராஸ் என்ற பைத்தியம் வந்தது. வளைந்த கைப்பிடி வைத்த மெல்லிசான சைக்கிள். அதை ரோட்டில் ஓட்டினால் போதாதா? இவர்கள் குளிர்காலமாகப் பார்த்து, சேறு, மணல், படிக்கட்டு, குறுக்கே நட்ட பலகை எல்லாவற்றுக்கும் மேலே ஓட்டுகிறார்கள். ஓட்ட முடியாத இடத்தில் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். இதற்கு ஊரே திரண்டு வந்து கூச்சல் போடுகிறது.

இந்தப் போட்டியில் ஒரு கொடுமையான விதி உண்டு. ஒரே வட்டத்தைப் பல சுற்று வரவேண்டும். முதலில் ஓடுகிறவள் பின்னாலிருந்து உன்னை நெருங்கிவிடுவாள் என்று தெரிந்ததும், நடுவர் கையை நீட்டி உன்னை இறக்கிவிடுவார். தலையைக் குனிந்துகொண்டு கயிற்றுக்கு அடியில் புகுந்து போகவேண்டியதுதான். கடைசிச் சுற்றுக்குள் நுழைந்துவிட்டால் மட்டும்தான் முடிக்க விடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெபா தனியாக இதே நாட்டில் வேறோர் ஊருக்கு வந்து, மூன்றாவது சுற்றில் இறக்கிவிடப்பட்டுத் திரும்பினாள். ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

இந்தத் தடவை தேர்வுக் குழு தெளிவாகச் சொல்லிவிட்டது. வெளிநாட்டில் ஒரு போட்டியை முழுதாக முடித்துக் காட்டினால் ஆசியப் போட்டி அணியில் இடம். நடுவில் இறக்கிவிடப்பட்டால் அந்த இடம் இளையவர்களுக்கு. ஜெபாவுக்கு வயது முப்பத்திரண்டு. அடுத்த வருஷம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் லீவு போட்டு, கடைக்குப் பூட்டுப் போட்டு, நான் மெக்கானிக்காகக் கூடவே வந்தேன்.

கிளம்பும் முன்னால் சைக்கிளுக்கு என் கைவைத்தியம் முழுவதும் செய்திருந்தேன். எங்கள் ஊர்க்காற்றில் இரும்பு பதினைந்து நாள் தாங்காது. பூட்டு, கொண்டி, தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் எங்களுக்கு ஒரே மருந்து தேங்காய் எண்ணெய். உப்பளத்துக்காரர்களின் சைக்கிளுக்கு அப்பா காலத்திலிருந்து அதுதான். ஜெபாவின் புது சைக்கிளில் கியர் கேபிள் சட்டத்துக்குள்ளேயே ஓடுகிறது. துருப்பிடித்தால் மாற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஆகவே கேபிளின் மேலுறைக்குள் ஊசி வைத்துத் தேங்காய் எண்ணெயை நிரம்ப ஏற்றி, கியரின் மூட்டுகளுக்கும் விட்டு, "இனி அஞ்சு வருசத்துக்குக் கவலையில்ல" என்று சொல்லித்தான் பெட்டியில் அடைத்தேன்.

முதல் நாள். போட்டி நடக்கும் ஊர் கடற்கரையில். ரயிலை விட்டு இறங்கி, கடலோரமாகவே ஓடுகிற டிராமில் ஏறினோம். எங்கள் நிறுத்தம் வந்ததும் ஜெபா முன்னால் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினாள். நான் பின்னால் தள்ளினேன். பெட்டி இறங்கியது, கதவு மூடிக்கொண்டது, நான் உள்ளே. கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா ஆங்கிலத்தில், "உங்கள் மனைவி பெட்டியோடு ஓடிப்போகிறாள்" என்றார். தங்கை என்றேன். "அப்படியானால் திரும்பி வந்துவிடுவாள்" என்று ஆறுதல் சொன்னார்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் கடற்கரை வழியாகத் திரும்பி நடந்தேன். ஐயோ, அந்தக் காற்று! காதைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிடும். கடல் பழுப்பாக இருந்தது. எங்கள் கடல் கரையை விட்டு இப்படி மைல் கணக்கில் விலகிப் போகாது. இங்கே தண்ணீரைத் தேடித்தான் போகவேண்டும். ஆனால் தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்ததும் மனசு லேசாகிவிட்டது. கம்பித் தடுப்பைத் தடவிப் பார்த்தேன், விரலில் துரு ஒட்டியது. ஆகா, உப்புக் காற்று இங்கேயும் இருக்கிறது, என் எண்ணெய் வேலை வீண்போகவில்லை என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

தங்கிய அறை ஒரு வீட்டின் மாடியில். ஹீட்டரை எவ்வளவு திருக முடியுமோ அவ்வளவு திருகினோம். மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கே கோழிக்குஞ்சு பொரிக்கிறீர்களா?" என்று கேட்டார். எங்களுக்கு அப்போதுதான் உடம்பு நம் உடம்பு மாதிரி இருந்தது. சைக்கிளுக்கும் குளிரக்கூடாது என்று அதை ஹீட்டரின் பக்கத்திலேயே சாய்த்து வைத்திருந்தேன். இதுவும் என் அறிவுதான்.

இரண்டாம் நாள் மைதானத்தைப் பார்க்கப் போனோம். கடற்கரை மணல் மேடுகளுக்குள் கயிறு கட்டி வட்டம் போட்டிருந்தார்கள். மணலைப் பார்த்ததும் ஜெபாவின் முகம் மாறிவிட்டது. குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தாள். "அண்ணே, நம்ம தேரியவிட இது கட்டி. இதுல நா இறங்கவே வேண்டாம்" என்றாள். மற்ற நாட்டுப் பெண்கள் பாதி மேட்டில் இறங்கி ஓடினார்கள். இவள் பின்னால் உட்கார்ந்து, கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, சக்கரம் போகிற போக்கில் விட்டு மேலே போய்ச் சேர்ந்தாள். கயிற்றுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் இன்னொருவரிடம், "யார் இந்தச் சின்னப் பெண், எங்கே கற்றாள்?" என்று கேட்டதாக என் பக்கத்தில் நின்றவர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். நான் கழுத்தை நிமிர்த்தி, "தூத்துக்குடி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அது அவர் குறை.

அரை மணி நேரம் கழித்து ஜெபா வந்தாள். "அண்ணே, கியர் இறுகுது. அழுத்துனா விழ மாட்டேங்கு."

"ஒன் வெரலு வெறச்சிருக்கும்ளா. கையுறைய மாத்து."

"வெரலு இல்லண்ணே. கியருதான்."

"என் கை வேலையவா சொல்லுத?"

அறைக்கு வந்து ஹீட்டர் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் தட்டிப் பார்த்தேன். டக் டக் என்று விழுந்தது, வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி. "பாத்துக்கோ" என்றேன்.

மூன்றாம் நாளும் இதே கதை. வெளியே இறுகியது, அறைக்குள் வந்ததும் வேலை செய்தது. நானும் இதே பதிலைச் சொன்னேன், கூடக் கொஞ்சம் கேலியும் சேர்த்து: "கியருக்கு ஒன்னையக் கண்டா புடிக்கல போல." அன்று மத்தியானம் அவளைச் சமாதானப்படுத்தக் கடைத்தெருவில் ஓர் ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பெரிய சட்டியைக் கொண்டுவந்து வைத்து மூடியைத் திறந்தார்கள். சட்டி நிறையக் கருப்புச் சிப்பி! முத்துக் குளித்த ஊரில் பிறந்தவனுக்குச் சிப்பியைக் கண்டால் கை முதலில் எதைத் தேடும்? நான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பரிமாறிய பையன் பக்கத்தில் வந்து, "ஏதாவது தொலைந்துவிட்டதா?" என்று கேட்டான். ஜெபா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். சிப்பி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மிளகாய் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை அவர்களுக்கு யாராவது சொல்லவேண்டும்.

விரல் விரலாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்குச் சிப்ஸை மட்டும் குறை சொல்ல முடியாது. காகிதக் கூம்பில் சுடச்சுடப் போட்டுத் தருகிறார்கள். ஜெபா ஆசையோடு பார்த்தாள். "போட்டி முடியட்டும்" என்று அவளே சொல்லிக்கொண்டு நகர்ந்தாள்.

நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, போட்டி. காலையில் ஜெபா தயிர்ச்சோறு வேண்டும் என்றாள். கொண்டுவந்த அரிசி தீர்ந்திருந்தது. ரயிலடிப் பக்கம் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் கடை வைத்திருந்தார். வந்த நாளிலேயே பழகிவிட்டோம். கடையைத் திறந்துகொண்டிருந்தவர் என்னைக் கண்டதும், "என்ன அண்ணை, வெள்ளெனவே வந்திட்டியள்? இண்டைக்குத்தானே போட்டி?" என்றார். அரிசியை அளந்து போடும்போது பின்னால் இருந்த தட்டைப் பார்த்தேன். வரிசையாகப் பாட்டில்கள், உள்ளே வெள்ளை வெளேர் என்று கட்டியாக ஏதோ.

"இது என்ன, நெய்யா?" என்று கேட்டேன்.

"நெய்யோ? தேங்காயெண்ணெய் அண்ணை. குளிருக்கு உறைஞ்சு போச்சு. ஐப்பசியில இருந்து பங்குனி மட்டும் இஞ்ச இப்பிடித்தான் கிடக்கும். சுடுதண்ணிக்குள்ள வைச்சால் இளகும்" என்று ஒரு பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு அசையவில்லை.

தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும் என்பது எனக்குத் தெரியாதா? யாரோ எப்போதோ சொல்லியிருப்பார்கள். ஆனால் தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவன் அதைக் கண்ணால் எங்கே பார்த்தான்? எங்கள் வீட்டு எண்ணெய் வருஷம் முழுக்கத் தண்ணீராக ஓடும். அந்தத் தண்ணீரைத்தான் என் தங்கையின் கேபிளுக்குள் நிரப்பிவிட்டேன். அவள் இரண்டு நாளாகச் சொன்னது அத்தனையும் உண்மை. விரலும் இல்லை, கையுறையும் இல்லை. வெளியே போனால் அது மெழுகாகிறது, ஹீட்டர் பக்கத்தில் வந்தால் உருகிவிடுகிறது. நானோ அவளைக் கேலி செய்துகொண்டிருந்தேன்.

அரிசியோடு ஓடினேன். அறைக்குள் நுழைந்ததும் ஸ்பேனரை எடுத்துச் சைக்கிளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜெபா குளியலறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள்.

"இப்ப எதுக்குண்ணே கழத்துத? எல்லாம் சரியாத்தான இருக்குன்ன?"

அந்த நிமிஷத்தில் வாயைத் திறந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் கேபிளை உருவி, சோப்புத் தண்ணீரால் மேலுறையைக் கழுவி, எல்லாவற்றையும் சரிசெய்திருக்கலாம். நேரம் இருந்தது. ஆனால் எனக்கு வாய் வரவில்லை. போட்டி நாளில் அவள் மனசைக் கலக்கக்கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. இத்தனை வருஷம் கடையில் நின்று பேசிய பேச்சையெல்லாம் அவள் முன்னால் விழுங்க வெட்கமாக இருந்தது. "சும்மா பாத்தேன்ளா" என்று ஸ்பேனரைக் கீழே வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் திருட்டுப் பூனை மாதிரி எங்கள் பெரிய எவர்சில்வர் பிளாஸ்க்கில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் நிரப்பினேன். போட்டி முடிந்ததும் ஜெபா குடிக்கச் சுக்குக் காப்பி போட்டு, கருப்பட்டி சேர்த்து, இன்னொரு சின்ன பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டேன்.

சைக்ளோகிராஸ் வட்டத்தில் பிட் என்று ஓரிடம் ஒதுக்குவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை அந்த வழியாக வரவேண்டும். சைக்கிளில் கோளாறு என்றால் அங்கே மட்டும்தான் நிறுத்திச் சரிசெய்யலாம், இல்லையென்றால் மாற்று சைக்கிள் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு இரண்டு, மூன்று என்று மாற்று சைக்கிள்கள் பளபளவென்று நின்றன. எனக்கு இரண்டு பிளாஸ்க். பக்கத்தில் செந்தாடி வைத்த ஒரு மெக்கானிக் தண்ணீர் பீய்ச்சும் குழாயோடு நின்றார். என் பிளாஸ்க்குகளைப் பார்த்துத் தலையாட்டி, "நல்லது, குளிர் நாள்" என்றார்.

விசில் ஊதியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள், ஜெபா கடைசி வரிசையில். ஆறு சுற்று. முதல் சுற்றில் முதல் தடவை பிட்டைக் கடக்கும்போது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அறையிலிருந்து போர்வையில் சுற்றிக் கொண்டுவந்த சூட்டில் எண்ணெய் இன்னும் இறுகவில்லை. நான் மூச்சு விட்டேன். இரண்டாம் தடவை வரும்போது முகமே மாறியிருந்தது. பிட்டுக்குள் திருப்பினாள்.

"அண்ணே, கியர் செத்துட்டு! கனத்த பல்லுலயே நின்னுட்டு!"

பிளாஸ்க்கைத் திறந்து, சட்டத்தின் மேலும் கேபிள் மடங்கும் இடத்திலும் கியர் மூட்டிலும் வெந்நீரை ஊற்றினேன். ஆவி குபுகுபுவென்று எழும்பியது. "இப்ப தட்டு" என்றேன். தட்டினாள். டக். ஒரு நொடி என்னைப் பார்த்தாள், பிறகு மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.

செந்தாடிக்காரர் அருகே வந்தார். "என்ன ஊற்றினாய்?"

"வெந்நீர்."

"ஏன்?"

தேங்காய் எண்ணெய்க் கதையை அந்நிய தேசத்தில் அவிழ்க்க எனக்கு மனசு வரவில்லை. "இந்திய முறை" என்றேன். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

இரண்டாம் சுற்றும் மூன்றாம் சுற்றும் இப்படியே போயின. ஒவ்வொரு தடவையும் ஏழெட்டு நொடி வீணானது. ஆனால் கியர் இருக்கும்போது மணல் மேட்டில் ஜெபா ஒவ்வொரு ஆளாகத் தாண்டினாள். பீர் தம்ளரோடு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கூட்டம் அவளுக்குக் கை தட்டிக் கத்த ஆரம்பித்தது. "அவர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று செந்தாடிக்காரரைக் கேட்டேன். "மணலைக் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள், அவள் தின்றுவிடுவாள் போலிருக்கிறது என்று" என்றார். எனக்குப் பெருமையில் கண் கலங்கியது. ஆனால் தாண்டின ஆளெல்லாம், நான் வெந்நீர் ஊற்றும் அந்த ஏழெட்டு நொடியில் மறுபடி முன்னால் போய்விடுகிறார்கள். இது என்னால் வந்தது, முழுக்க முழுக்க என்னால்.

நான்காம் சுற்றின் முதல் தடவையில் வெந்நீர் தீர்ந்தது. இரண்டாம் தடவை வரும்போது கையில் இருந்தது சுக்குக் காப்பி மட்டும். யோசிக்கவில்லை. கருப்பட்டிப் பாகும் சுக்கும் சேர்ந்து கியரில் வழிந்தன. "இதுவும் இந்திய முறையா?" என்றார் செந்தாடிக்காரர். ஆமாம் என்றேன். டக் என்று விழுந்தது. ஜெபா போய்விட்டாள்.

இப்போது ஒலிபெருக்கியில் பதற்றம். முதலில் ஓடுகிறவள் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு வருகிறாள். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நடுவர் சாலை நடுவில் வந்து நின்று கையை நீட்டத் தொடங்கியிருந்தார். ஒருத்தி இறங்கினாள், இன்னொருத்தி இறங்கினாள். ஜெபா ஐந்தாம் சுற்றை முடித்து அந்த ஆளைத் தாண்டிவிட்டால் கடைசிச் சுற்று அவளுடையது. தாண்டாவிட்டால் ஆசியாவும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஐந்தாம் சுற்றில் முதல் தடவை கியர் தாங்கியது, ஜெபா நிற்காமல் போய்விட்டாள். அடுத்த தடவைக்கு என்னிடம் ஊற்ற எதுவும் இல்லை. செந்தாடிக்காரர் என் காலி பிளாஸ்க்கைப் பார்த்தார், தன்னுடையதை எடுத்து நீட்டினார். "சூப்தான் இருக்கிறது. பரவாயில்லையா?"

வாங்கிக்கொண்டு நின்றேன். மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெபாவின் தலை தெரிந்தது. சைக்கிள் மேல் இல்லை, சைக்கிள் அவள் தோள் மேல். கியர் மறுபடி, மணலில் மிதிக்க முடியாத கனத்த பல்லில் நின்றுவிட்டது என்று புரிந்தது. நான் பிட்டுக்குள் வா என்று கையைக் காட்டி, "இங்கன! இங்கன!" என்று கத்தினேன்.

அவள் திரும்பவில்லை. "வேண்டாண்ணே! இனி நின்னா செத்தேன்!" என்று கத்திக்கொண்டே என்னைத் தாண்டி ஓடினாள்.

சேற்றில் ஓடினாள், பலகையைத் தாண்டி ஓடினாள், கடைசி மணல் மேட்டில் சைக்கிளைத் தோளில் போட்டபடி முழங்கால் முகத்தில் இடிக்க ஏறினாள். தேரியில் அவள் ஏறும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இவ்வளவு வேகம் பார்த்ததில்லை. மேட்டின் உச்சியில் சைக்கிளைக் கீழே போட்டு, தாவி ஏறி, அந்தக் கனத்த கியரை நின்றுகொண்டே மிதித்து நேர்ச்சாலைக்கு வந்தாள். நான் சூப் பிளாஸ்க்கோடு கயிற்றோரம் ஓடினேன். நடுவர் அவளைப் பார்த்தார். கை பாதி எழும்பியது. பின்னால் எட்டிப் பார்த்தார், கையை இறக்கினார். ஜெபா அவரைத் தாண்டிவிட்டாள். அவளுக்குப் பின்னால் வந்த இரண்டு பேருக்கு முன்னால் அந்தக் கை முழுசாக நீண்டது.

"ஏ, போயிட்டாளே! எங்க ஜெபா போயிட்டாளே!" என்று நான் போட்ட சத்தம் நாசரேத் வரைக்கும் கேட்டிருக்கும். செந்தாடிக்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். சூப் இருவர் மேலும் கொட்டியது.

கடைசிச் சுற்றை அவள் ஒரே கியரில் முடித்தாள். ஓட்ட முடிந்த இடத்தில் ஓட்டினாள், முடியாத இடத்தில் ஓடினாள். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் புல்லில் விழுந்து மல்லாந்து கிடந்தாள். முகத்தில் கண்ணையும் பல்லையும் தவிர எல்லாம் சேறு. போர்வையைப் போர்த்தி, கடைக்கு ஓடி, சுடச்சுட ஒரு பெரிய கூம்பு சிப்ஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். எழுந்து உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள்.

முடிவுப் பட்டியலைப் பலகையில் ஒட்டினார்கள். சிப்ஸோடு போய்ப் பார்த்தோம். முழுதாக முடித்தவர்களில் கடைசிப் பெயர் அவளுடையது. அதற்குக் கீழே ஒரு வரிசைப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே இத்தனை சுற்று பாக்கி என்று. இவள் பெயருக்கு நேரேயோ நேரம் போட்டிருந்தது, நிமிஷமும் நொடியுமாக. அந்த வரியை எண்ணெய்க் கையோடு தடவிப் பார்த்தாள். படம் எடுத்துத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. பாராட்டு ஒரு வார்த்தை இல்லை: "ஆசியப் போட்டிக்குப் பாஸ்போர்ட் நகல் உடனே அனுப்பவும்." அதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. "ஜெபா, ஒண்ணு சொல்லணும். கியர் இறுகுனது ஒன் தப்பு இல்ல. அந்தக் கேபிளுக்குள்ள நா..."

"தேங்காண்ணெ."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மொத தடவ வெந்நி ஊத்துனியே, அப்பவே ஆவியோட மணம் மூக்குல ஏறிட்டு. நம்ம வீட்டுச் சமையக்கட்டுல நிக்க மாதிரி இருந்துச்சு." ஒரு சிப்ஸை எடுத்து வாயில் போட்டாள்.

"பொறவு ஏம்ளா என்னைய ஒரு வார்த்த கேக்கல? நாலு ஏச்சு ஏசியிருக்கலாம்லா?"

"ஏசுனா நீ அங்கனயே உக்காந்து அழுதுருப்ப. எனக்குப் பிட்ல நிக்க ஆள் வேணும்லா?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவள் சிப்ஸைத் தின்று முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்றேன். பிறகு கூம்பை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, யாரும் இல்லாத ஒரு வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன்.